கர்னல் சைக்கிளுக்கு எத்தனை வயது?

"தொடாதே!"

அலறல் கேட்டு ட்ரூடியின் கையிலிருந்த கோன் ஐஸ்கிரீம் ஒரு துள்ளு துள்ளியது. காலடியில் பாம்பு ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பாம்பு இல்லை. அவளுடைய சைக்கிள்தான் நின்றது. அதில் ஏறத்தான் அவள் காலைத் தூக்கியிருந்தாள்.

அலறியவர் மிஸ்டர் வெண்டல் பிளட்ஜெட். ப்ளம் ஹாலோ ஊரின் சரித்திரக் கழகத் தலைவர். செயலாளரும் பொருளாளரும் அவரேதான். கழகக் கூட்டத்தில் அவர் பேசுவார், அவரே கை தட்டுவார், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். ஓஹியோவின் ஜூலை வெயிலில் மாடுகள்கூட நிழலுக்கு ஓடிவிடும். அவர் மட்டும் கோட்டும் வில் டையுமாகத் திரிவார்.

"மிஸ்டர் பிளட்ஜெட், இது என் சைக்கிள்," என்றாள் ட்ரூடி.

"உன் சைக்கிளா? அடக் கடவுளே! உன் சைக்கிளாம்!" அவர் தெருவில் அப்படியே மண்டியிட்டார். ஐஸ்கிரீம் கடைக்காரர் நீட்டிய ஒரு காகிதக் கைக்குட்டையை வாங்கி, அதைச் சுற்றிய விரலால் நடு பாரில் இருந்த ஒரு நெளிசலைத் தொட்டார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. "இது கர்னலோட சைக்கிள்மா. கர்னல் எஸ்ரா பிளட்ஜெட்! என் கொள்ளுத் தாத்தா!"

ப்ளம் ஹாலோ பிறந்த கதை அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். 1896-இல் கர்னல் சைக்கிளில் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தார். இந்த இடத்துக்கு வந்ததும் டயர் பஞ்சர். கையில் பம்பு இல்லை. கோபத்தில் கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ஊர் வந்துவிட்டது. அவர் எந்தப் போரில் சண்டை போட்டார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஆனால் மீசை கர்னல் மீசைதான். சைக்கிள் எப்போதோ காணாமல் போய்விட்டது. மிஞ்சியது ஒரு புகைப்படம்.

"போட்டோவுலயும் பார்ல இதே இடத்துல நெளிசல் இருக்கு," என்றார் மிஸ்டர் பிளட்ஜெட். "கரடி அடிச்சது! கர்னல் தனியா நின்னு அதை விரட்டினார்."

"இது கரடி இல்லை. போன மாசம் நான் எங்க வீட்டுத் தபால் பெட்டில போய் மோதினேன்."

"பாவம், குழந்தைக்கு அதிர்ச்சியில என்ன பேசறோம்னே தெரியலை," என்று அவர் அலறல் கேட்டுக் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்.

ஐஸ்கிரீம் ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்தது. ட்ரூடி அதைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காதே! அதுல இருக்கறது அழுக்கு இல்லை. சரித்திரம்!"

அன்று மாலையே அவர் ட்ரூடியின் வீட்டுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை ஊருக்கு நூறாவது பிறந்தநாள். விழா மேடையில் சைக்கிளை மியூசியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கண்ணாடிப் பெட்டி தயார். பித்தளைத் தகட்டில் 'க்ரெப்ஸ் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று பொறித்தாயிற்று. கேட்பதற்கு முன்பே பொறித்துவிடுவதுதான் அவர் வழக்கம்.

அம்மா பூரித்துப் போனாள். "நம்ம பேரு பித்தளையிலயா!"

அப்பா தலையைச் சொறிந்தார். பழைய கட்டடங்களை இடிப்பது அவர் தொழில். போன வசந்தத்தில் ஒரு களஞ்சியத்தை இடித்தபோதுதான் வைக்கோலுக்கு அடியில் இந்தச் சைக்கிள் கிடைத்தது. யாரோ அதற்குத் தலை முதல் கால் வரை களஞ்சியக் கதவின் பழுப்பு பெயிண்டையே அடித்திருந்தார்கள். "அவ்வளவு பழசா இருக்கும்னு நான் நினைக்கலையே," என்றார்.

"கொடுத்துட்டா நான் எப்படிப் பயிற்சிக்குப் போவேன்?" என்று கத்தினாள் ட்ரூடி.

அதுதான் விஷயம். பெண்கள் சாஃப்ட்பால் அணியில் அவள்தான் கேட்சர், மட்டைக்காரிக்குப் பின்னால் முகமூடியோடு உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். மைதானம் ஊருக்குள். வீடோ ஊருக்கு வெளியே, சோளக் காடுகளைத் தாண்டி. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு வராதவளுக்கு ஆட்டம் கிடையாது என்பது கோச் மிஸ் ஓடமின் சட்டம். மிஸ் ஓடம் சட்டத்தை மாற்றியதை யாரும் பார்த்ததில்லை.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "மிஸ்டர் பிளட்ஜெட், நிஜமாவே அது கர்னலோடதா இருந்தா மியூசியத்துக்குத்தான் போகணும். இல்லைன்னா அது ட்ரூடியோடது. சரிதானே?"

"ரொம்பச் சரி! 1896-க்கு ஒரு நாள் பிந்தினதுன்னு யாராவது காட்டட்டும், நான் என் டையைத் தின்னுடறேன். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை வரைக்கும் யாரும் அதை ஓட்டக் கூடாது. மனுஷக் கை எதுவும் அதைச் சுத்தம் பண்ணக் கூடாது."

அம்மா ஒத்துக்கொண்டாள். போகும்போது அவர் சைக்கிளுக்கு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டுப் போனார். கராஜில் அது பேய் மாதிரி நின்றது.

மறுநாள் ட்ரூடி பயிற்சிக்கு நடந்தே போனாள். கேட்சர் முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு சோளக் காட்டு ஓரமாகப் போனவளைப் பார்த்து ஒரு டிராக்டர்காரர் பயந்து ஒதுங்கினார். மைதானம் வந்து சேர்வதற்குள் குதிகாலில் கொப்புளம். பாதிப் பந்துகள் அவளைத் தாண்டி ஓடின.

"கோடை முழுக்க இப்படி நடந்து வரப் போறியா?" என்று கேட்டாள் ரமோனா. அவள்தான் அணியில் பந்து வீசுபவள். ட்ரூடியின் தோழி.

"முடியாதுடி. அது நூறு வயசு இல்லைன்னு எப்படியாவது காட்டணும்."

பயிற்சி முடிந்ததும் இருவரும் மியூசியத்துக்குப் போனார்கள். மிஸ்டர் பிளட்ஜெட் காலிக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே புகைப்படத்தில் கர்னல் முறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சைக்கிள்.

ட்ரூடி உற்றுப் பார்த்தாள். "போட்டோவுல டயர் ஒல்லியா இருக்கு. என்னோடது நல்லாக் குண்டு."

"டயரைப் பின்னாடி மாத்தியிருப்பாங்க."

"சீட்டு வேற மாதிரி இருக்கே?"

"மாத்தியிருப்பாங்க."

"ஹேண்டில்பார்?"

"அதையும்தான்."

"இதுல ஸ்டாண்டே இல்லை. பிரேக்கும் இல்லை. என் சைக்கிள்ல பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கும்."

"எல்லாம் பின்னாடி சேர்த்தது. இதெல்லாம் பெரியவங்க ஆராய்ச்சி பண்ற விஷயம்மா."

ரமோனா விடவில்லை. "போட்டோவுல நடு பார் நேரா இருக்கு. இவளோடது வளைஞ்சில்ல இருக்கு?"

மிஸ்டர் பிளட்ஜெட் ஒரு கணம் திணறினார். ஒரே ஒரு கணம்தான். "நூறு வயசானா யாருக்குத்தான் முதுகு வளையாது?"

வெளியே வந்ததும் ரமோனா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ட்ரூடிக்குச் சிரிப்பு வரவில்லை. எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. மாற்ற முடியாத ஏதாவது ஒன்று வேண்டும். அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரமோனா தன் சைக்கிளில் வந்தாள். கூடவே பிஸ்கட்டும் ஓடி வந்தது. பிஸ்கட் அவள் வீட்டு நாய். உலகத்தில் அது நக்காத பொருள் இல்லை. போன ஞாயிறு தேவாலயத்தில் பாதிரியாரின் ஷூவையே நக்கிவிட்டது.

இரண்டு பெண்களும் கராஜில் போர்வையை விலக்கினார்கள். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சீட்டுக்குக் கீழே, பின்பக்கக் குழாயில் தார் மாதிரி ஒரு கிரீஸ் கட்டி ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு தகரத்தின் முனை எட்டிப் பார்த்தது.

"அதுல ஏதோ இருக்கு! சுரண்டுடி!"

"கூடாது. மனுஷக் கை சுத்தம் பண்ணக் கூடாதுன்னு அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஏமாத்தி ஜெயிச்சா அது ஜெயிச்ச மாதிரியா?"

ரமோனா பெருமூச்சு விட்டாள். ட்ரூடி பிஸ்கட்டைப் பார்த்தாள். பிஸ்கட் தரையில் கிடந்த ஒரு ஆணியை நக்கிக்கொண்டிருந்தது.

"ரமோனா," என்றாள் ட்ரூடி மெதுவாக, "நாய்க்குக் கை கிடையாது, இல்லையா?"

சமையலறையிலிருந்து வேர்க்கடலை வெண்ணெய் வந்தது. ட்ரூடி அதைக் கரண்டி நுனியால் கட்டியின் மேல் தடவினாள். சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லையே. பிஸ்கட் வேலையை ஆரம்பித்தது. நக்கியது, நக்கியது, வால் சுழலச் சுழல நக்கியது. வெண்ணெயோடு சேர்ந்து கிரீஸும் குழைந்து வழிந்தது. அதை விழுங்கிவிடாமல் ரமோனா நாயின் வாயை அடிக்கடி ஈரத் துணியால் துடைத்தாள். நாயைத் துடைக்கவும் தடை இல்லை.

உள்ளேயிருந்து சின்னதாக ஒரு தகர வில்லை வெளிப்பட்டது. அதன் மேல் எழுத்துகள் புடைத்து நின்றன.

ப்ளம் ஹாலோ. சைக்கிள் லைசென்ஸ். 1957.

"ஐயோ!" ரமோனா துள்ளிக் குதித்தாள். "எங்க அத்தைகூட இந்த வில்லையைப் பத்திச் சொல்லியிருக்காங்க. அப்பல்லாம் போலீஸ்ல போய் வருஷா வருஷம் வாங்கிக் கட்டணுமாம். ஜெயிச்சுட்டோம்!"

ட்ரூடி தலையை ஆட்டினாள். "அதையும் பின்னாடி கட்டினதுன்னு சொல்லிடுவார்."

வில்லை ஒற்றைக் கம்பியில் தொங்கியது. காற்றில் மெல்லச் சுழன்று தன் பின்பக்கத்தைக் காட்டியது. அங்கே யாரோ ஆணியால் கிறுக்கியிருந்தார்கள். ட்ரூடி படித்தாள். அவள் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. ரமோனாவும் படித்தாள். பிஸ்கட் மட்டும்தான் அமைதியாக இருந்தது.

"இதை... இதை மேடையில சத்தமாப் படிக்கணும்டி! ஊரே சிரிக்கும்!" என்றாள் ரமோனா.

"முதல்ல அவர்கிட்ட தனியாச் சொல்றேன்," என்றாள் ட்ரூடி. "நமக்கு அப்படி ஆனா எப்படி இருக்கும்?"

மாலை அவள் மிஸ்டர் பிளட்ஜெட் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவரைப் பார்த்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். அவர் கர்னல் உடுப்பில் இருந்தார். இடுப்பில் வாள். மூக்குக்குக் கீழே ஒட்டு மீசை.

"மிஸ்டர் பிளட்ஜெட், சைக்கிள்ல ஒரு வில்லை இருக்கு. அதோட பின்பக்கம்..."

"நாளைக்கு, நாளைக்கு! பதினாலு பக்கப் பேச்சு, இன்னும் கரடியே வரலை!"

"ஒரு நிமிஷம் கேளுங்க. உங்களுக்கு நல்லதுக்குத்தான்..."

"எதுவா இருந்தாலும் மேடையில, எல்லார் முன்னாடியும் சொல்லு. சரித்திரம் பொதுச் சொத்து!"

கதவு சாத்தப்பட்டது. மீசையின் ஒரு நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. கதவு மறுபடி திறந்து, மீசையை இழுத்துக்கொண்டு, மறுபடி மூடியது.

சனிக்கிழமை பூங்காவில் ஊரே கூடியிருந்தது. தீயணைப்பு நிலையத்தார் பேண்டு வாசித்தார்கள். வெண்ணெய் தடவிய சோளக்கதிர் வாசம் காற்றில் மிதந்தது. ட்ரூடி கையுறையோடும் முகமூடியோடும் நேரே மேடைக்கு வந்திருந்தாள். விழா முடிந்ததும் ஆட்டம். விழா எப்போது முடியும் என்பதுதான் தெரியவில்லை. கர்னல் வேடத்தில் மிஸ்டர் பிளட்ஜெட் இன்னும் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தார்.

கடைசியில் அவர் மேடையில் நின்ற சைக்கிளின் போர்வையை உருவினார். "நூறு ஆண்டுகள்! ஒரு நாள் குறையாமல் நூறு ஆண்டுகள்! மறுப்பவர் உண்டா?"

"நான்," என்றாள் ட்ரூடி.

கூட்டம் சலசலத்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுல ஒரு லைசென்ஸ் வில்லை இருக்கு. 1957-ன்னு போட்டிருக்கு. நான் துடைக்கலை. நாய் நக்கிச்சு."

முன்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மிஸ்டர் பிளட்ஜெட் குனிந்தார். வருஷத்தைப் படித்தார். அவர் முகம் சிவந்தது. ட்ரூடி நினைத்தபடியே ஆயிற்று.

"அக்கிரமம்! கர்னலின் புனிதமான சைக்கிளில் 1957-இல் எவனோ ஒரு பொடியன் வில்லையைக் கட்டி ஊர் சுற்றியிருக்கிறான்!" ஒலிபெருக்கி அதிர்ந்தது. "யார் அந்தப் போக்கிரி? அவனை வளர்த்தவர்கள் யார்? இந்தக் கூட்டத்தில் இருந்தால் இப்போதே மேடைக்கு வரட்டும்!"

யாரும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

கீழேயிருந்து ரமோனா இரண்டு கைகளையும் ஆட்டினாள். 'படி! படி!' என்று அவள் உதடுகள் துடித்தன.

ட்ரூடி மைக்கைப் பார்த்தாள். ஒரு வரி படித்தால் போதும். சைக்கிள் அவளுடையது. ஊர் ஒரு வருஷத்துக்குச் சிரிக்கும். அவள் மிஸ்டர் பிளட்ஜெட்டின் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் மீசைப் பசை உருகி உதட்டில் வழிந்துகொண்டிருந்தது.

அவள் கேட்சர் கையுறையை மைக்கின் தலையில் கவிழ்த்தாள். தடித்த தோல் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

"பின்பக்கத்தை நீங்களே படிங்க," என்று அவர் காதருகே சொன்னாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் வில்லையைத் திருப்பினார். ஆணிக் கிறுக்கல், கோணல்மாணலாக:

மின்னல் வெண்டல். தொட்டால் உதை.

பேண்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. மிஸ்டர் பிளட்ஜெட்டின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு எந்த நிறமும் இல்லாமல் போனது. மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"ஆனா... என்னோடது சிவப்பாச்சே," என்றார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"நெளிசலுக்குள்ள பாருங்க. தபால் பெட்டில மோதினப்போ பெயிண்டு பேர்ந்துடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். காகிதக் கைக்குட்டை இல்லாமல், வெறும் விரலால் அங்கே தொட்டார். பழுப்புக்கு அடியில் செர்ரிப் பழச் சிவப்பு மின்னியது.

அவர் நிமிர்ந்தார். பிறகு கையுறையை மைக்கிலிருந்து தானே எடுத்து ட்ரூடியிடம் கொடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்தப் போக்கிரி கிடைச்சுட்டான்," என்றார்.

"யாரு? யாரு?" என்று கூட்டம் கத்தியது.

"நான்தான்."

ஐம்பது பேருக்காவது வாயிலிருந்த சோளம் கீழே விழுந்திருக்கும். பேண்டில் தாரை வாசிப்பவர் அதிர்ச்சியில் ஊதிவிட்டார். 'பாம்ம்ம்' என்று அது நீளமாக முழங்கியது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

"ஒன்பது வயசுல, 56-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, மரத்தடியில இருந்தது. புத்தம் புதுசு. கடைக்காரர் சுத்தின காகிதம்கூடப் பிரிக்கலை. நான் காலேஜுக்குப் போனப்போ வீட்டுல வித்துட்டாங்க." அவர் நெற்றியைத் துடைத்தார். "ரெண்டு நாள் அழுதேன். கர்னலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரடிக்கும்தான்."

"உங்க சைக்கிளையே உங்களுக்கு அடையாளம் தெரியலையா வெண்டல்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் கொள்ளுத் தாத்தாவைத் தேடிட்டு இருந்தேன். என்னைத் தேடலையே," என்றார் அவர்.

அப்போதுதான் சிரிப்பு கிளம்பியது. அவரும் சேர்ந்து சிரித்ததால் அது வலிக்காத சிரிப்பாக இருந்தது. அவர் கர்னல் உடுப்போடும் கட்டியிருந்த டையைக் கழற்றி அதன் நுனியைக் கடித்துக்கூடப் பார்த்தார். "உப்பு போதாது," என்றார்.

ட்ரூடி மட்டும் சிரிக்கவில்லை. கர்னலுடையது இல்லை என்றால் அவளுடையது என்பதுதான் பேச்சு. ஆனால் இரண்டு நாள் அழுத பையனுடையது என்றால்?

"மிஸ்டர் பிளட்ஜெட்," என்றாள். "உங்களுக்கு இது திரும்ப வேணுமா?"

அவர் சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த முகமூடியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சுத்து," என்றார். "தர்றியா?"

"போய்ட்டு வாங்க!"

கர்னல் உடுப்போடு அவர் ஏறி உட்கார்ந்தார். முதல் மிதியில் தள்ளாடினார். இரண்டாவது மிதியில் வாள் சக்கரத்தில் உரசியது. வாளைக் கழற்றிப் புல்லில் வீசினார். அப்புறம் பூங்காவைச் சுற்றி ஒரே ஓட்டம். கோட்டு வால் பறந்தது. மீசை பறந்தே போய்விட்டது. பதினான்கு பக்கப் பேச்சு மேடையிலிருந்து காற்றில் சிதறியது. அதைப் பொறுக்க யாரும் அவசரப்படவில்லை.

ஒரு சுற்று என்றவர் ஐந்து சுற்று சுற்றினார். கடைசியில் பெடலைப் பின்னால் மிதித்து, புழுதி கிளம்ப ட்ரூடியின் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது. அப்பவும் இழுக்கும்," என்றார். "செயினுக்கு எண்ணெய் போடு. அந்த அழுக்கையெல்லாம் நல்லாத் துடைச்சிடு. சோப்பு போட்டே துடை. சீக்கிரம் ஏறு, உனக்கு ஆட்டம் இல்லையா?"

ட்ரூடி ஏறினாள். சோளக்கதிர்க் கடைகளுக்கு நடுவே கூட்டம் தானாக வழி விட்டது. பின்னால் ரமோனா கூவிக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் மற்றப் பெண்கள் ஏற்கனவே அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள். கேட்சர் இடமும் பந்து வீசும் இடமும்தான் காலி. மிஸ் ஓடம் விசிலை வாயில் வைத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு லேட், க்ரெப்ஸ்?"

ட்ரூடி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"காலையில என் சைக்கிளுக்கு நூறு வயசு, மிஸ் ஓடம்," என்றாள். "மத்தியானத்துக்குள்ள அறுபது குறையணும்னா நேரமாகாதா?"